கடைசியில் மிஞ்சியவர்களின் கப்பல்: வைக்கிங் சாகசக் கதைகளில் நட்பின் கணக்கு

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு ஆள் பிரிப்பது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். நன்றாக அடிக்கிறவன் முதலில் போவான். அப்புறம் வேகமாகப் பந்து போடுகிறவன், அப்புறம் சொந்தமாக பேட் வைத்திருக்கிறவன். கடைசியில் இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவனை “உப்புக்குச் சப்பாணி” என்று ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஆட்டம் ஆரம்பமாகும். நான் பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள்.

ஜான் ஃபிளனகன் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளரின் ‘பிரதர்பேண்ட்’ நாவல் வரிசை 2011-இல் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் புத்தகத்தில் கிட்டத்தட்ட இதே காட்சி வருகிறது. இடம், ஸ்காண்டியா. வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளின் நாட்டுக்கு ஆசிரியர் வைத்த பெயர் அது. நீண்ட கப்பல், கோடரி, கடும் பனி, காது கிழியும் விருந்துக் கூச்சல் எல்லாம் உண்டு. அங்கே 16 வயதாகும் பையன்கள் குழுக்களாகப் பிரிந்து பயிற்சி எடுக்க வேண்டும். இரண்டு தலைவர்கள் மாறி மாறிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு குழுவும் நிரம்பியபின் எட்டுப் பேர் மிச்சம். அந்த மிச்சம்தான் மூன்றாவது குழு.

ஏன் மிஞ்சினார்கள் என்று பார்த்தால் ஒவ்வொருவனுக்கும் ஒரு கதை. ஹாலின் அம்மா வேற்று நாட்டிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்டவள். அதனால் அவனை ஊர் பாதி ஆளாகத்தான் பார்க்கிறது. ஸ்டிக்கின் அப்பா, கூடப் பயணம் செய்த மாலுமிகளின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிப்போனவர். இங்வார் மலை மாதிரி இருப்பான், ஆனால் நாலடி தள்ளி நிற்பது மரமா மனிதனா என்று தெரியாது. உல்ஃபும் வுல்ஃபும் இரட்டையர், ஓயாமல் சண்டை. ஜெஸ்பரின் கை அடுத்தவன் பையில்தான் இருக்கும். ஸ்டெஃபான் யார் குரலிலும் பேசுவான், அதனாலேயே யாருக்கும் அவனைப் பிடிக்காது. எட்வின் சண்டைக்காரர்கள் ஊரில் பிறந்துவிட்ட படிப்பாளி.

இந்த எட்டுப் பேரையும் ஒரு கப்பலில் ஏற்றினால் கதை தானாக ஓடும் என்பது யாருக்கும் தெரியும். புத்தகத்தின் பின்னட்டையில் ‘நட்பும் சாகசமும்’ என்று ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள். ஆனால் நிஜமான வைக்கிங் காலத்தில், அதாவது எட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை, நட்பு என்பது பெரிதும் கொடுக்கல் வாங்கல். அதற்குக் கணக்கு இருந்தது, சாட்சி இருந்தது, தவறினால் ரத்தம் சிந்தியது. இளையோர் நாவல்கள் அந்த மக்களின் கப்பலை அப்படியே எடுத்துக்கொண்டன. கணக்கு நோட்டை மட்டும் பையன்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டன. பிடுங்கிய நோட்டு எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர்

முதலில் கப்பலைப் பார்த்துவிடுவோம். மற்ற சாகசக் கதைகளில் நாயகன் குதிரையில் தனியாகப் போகலாம். வைக்கிங் கதையில் அது நடக்காது. நீண்ட கப்பலைத் தனி ஆளால் தண்ணீரில் தள்ளக்கூட முடியாது.

டென்மார்க்கில் ரோஸ்கில்ட ஊரை ஒட்டிய கடற்கழியில் 1962-இல் ஐந்து பழைய கப்பல்களைத் தோண்டி எடுத்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் எதிரிகள் ஊருக்குள் வராதபடி நீர்வழியை அடைப்பதற்காக வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டவை அவை. அவற்றில் பெரியது ஒரு போர்க்கப்பல். மரத்தின் வளையங்களை எண்ணியதில், 1042 வாக்கில் அயர்லாந்தில், டப்ளின் பக்கத்து ஓக் மரத்தில் கட்டியது என்று தெரியவந்தது. அதே அளவில் ஒரு பிரதியைக் கட்டி 2007-இல் ரோஸ்கில்டவிலிருந்து டப்ளினுக்கே ஓட்டிப் போனார்கள். நீளம் சுமார் 30 மீட்டர், அகலம் 4 மீட்டருக்கும் குறைவு, 60 துடுப்புகள், அதற்கேற்ற ஆட்கள். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர்தான் வரும்; முன்னும் பின்னும் கப்பல் ஒடுங்குவதால் நிஜத்தில் அதுவும் வராது. உட்காருவது, சாப்பிடுவது, ஈரத் துணியோடு தூங்குவது எல்லாம் அதற்குள்தான். மேலே கூரை கிடையாது. அப்படி ஆறு வாரத்துக்கும் மேல் போனார்கள். பக்கத்து ஆளின் குறட்டை எந்தச் சுருதியில் வரும் என்பது மனப்பாடம் ஆகியிருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று நார்வேயின் கோக்ஸ்டாட் கப்பலில் இருக்கிறது. 1880-இல் ஒரு புதைமேட்டிலிருந்து எடுத்த கப்பல் அது. சுமார் 23 மீட்டர் நீளம், பக்கத்துக்கு 16 துடுப்பு. உட்கார நிரந்தரமான பலகைகள் அதில் இல்லை. ஆளாளுக்குத் தன் சாமான் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் துடுப்பு வலித்திருப்பார்கள் என்று கருதுகிறார்கள். இருக்கும் சொத்தெல்லாம் அடியில், பக்கத்தில் இன்னொருவன் தன் சொத்தின் மேல். துடுப்புகளை அளந்து பார்த்தபோது எல்லாம் ஒரே நீளத்தில் இல்லை. 5.3 மீட்டரிலிருந்து 5.85 மீட்டர் வரை வித்தியாசம். அணியத்திலும் பின்பக்கத்திலும் கப்பலின் விளிம்பு உயரம், நடுவில் தாழ்வு. ஆகவே ஓரங்களில் நீளத் துடுப்பு, நடுவில் குட்டைத் துடுப்பு. எல்லாம் ஒரே சமயத்தில் தண்ணீரைத் தொட வேண்டுமென்றால் எல்லாம் ஒரே அளவில் இருக்கக் கூடாது.

ஃபிளனகன் இந்தத் துடுப்பளவுகளைப் படித்தாரா என்பது வேறு விஷயம். ஆனால் அவர் கதையின் எட்டுப் பேரும் இந்தக் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹால் கட்டிய ஹெரான் கப்பலில் வழக்கமான ஒற்றைச் சதுரப் பாய் இல்லை. இரண்டு முக்கோணப் பாய்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ப ஒன்று ஏறும், மற்றது இறங்கும். நிஜ வைக்கிங் கப்பலில் அப்படிக் கிடையாது, கம்பளி நூலில் நெய்த ஒரே பெரிய சதுரப் பாய்தான். கதைக்காக எடுத்துக்கொண்ட சுதந்திரம் இது. நல்ல சுதந்திரம்தான். பாய் மாறும் அந்தச் சில நொடிகளில் எட்டுப் பேருக்கும் எட்டு வேலை வந்துவிடுகிறது. ஹால் சுக்கானில். தூக்கி இழுப்பது இங்வார் கூட்டம். காற்றுக்கு ஏற்றபடி கயிற்றை இழுத்துப் பிடிப்பது இரட்டையர்கள். சொல்லாமலே ஒருவன் நினைப்பது இன்னொருவனுக்குத் தெரியும். கரையில் அந்த ஒட்டுதல்தான் ஊருக்குத் தலைவலி. கப்பலில் ஏறியபின் சண்டை போட்டால் இங்வார் தூக்கிக் கடலில் போட்டுவிடுவான் என்று விதி. ஆகவே கரையில் கால் வைத்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இரண்டாம் புத்தகத்தில் கப்பலின் அணியத்தில் ராட்சத விற்பொறி ஒன்றை ஹால் பொருத்துகிறான். அதன் நாணைப் பின்னுக்கு இழுக்க இங்வாரைத் தவிர வேறு யாராலும் முடியாது. குறி பார்க்க இங்வாரால் முடியாது. கண் தெரியாதவன் நாணேற்ற, கை வலுவில்லாதவன் குறி பார்க்கிறான். ‘நீ என் உயிர் நண்பன்’ என்ற வசனம் எங்கும் இல்லாமலே நமக்கு விஷயம் புரிந்துவிடுகிறது.

பணத்தைச் சேர்த்து வைப்பவன்

சரி, நிஜ வைக்கிங்குகள் இந்த மாதிரிக் கூட்டாளியை என்னவென்று கூப்பிட்டார்கள்? ‘ஃபெலாகி’. ‘ஃபே’ என்றால் ஆடுமாடு, சொத்து, பணம். ‘லாக்’ என்றால் கீழே வைப்பது, சேர்த்து வைப்பது. ஆக, என் பணத்தோடு தன் பணத்தையும் சேர்த்து வைத்தவன் எவனோ அவன் என் ஃபெலாகி. நம் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து லாரி வாங்கினால் ‘பார்ட்னர்’ என்பார்களே, அதற்கு மிகப் பக்கம். இன்றைக்கு ஆங்கிலத்தில் புழங்கும் ‘ஃபெலோ’ இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் ‘அந்த ஃபெலோ’வுக்குள் ஒரு பழைய கூட்டு வியாபாரம் ஒளிந்திருக்கிறது.

கருங்கடலில், நீப்பர் ஆறு கலக்கும் இடத்துக்கு அருகே பெரெசான் என்று ஒரு சின்னத் தீவு. 1905-இல் அங்கே ஒரு கல் கிடைத்தது. வைக்கிங்குகளின் பழைய எழுத்தான ரூனில் அதில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: தன் ஃபெலாகியான கார்லின் நினைவாக கிராணி இந்தக் கல்லறையைச் செய்தான். அவ்வளவுதான். ஸ்வீடன் பக்கத்திலிருந்து ஆறு ஆறாக இறங்கி, அருவி வந்த இடங்களில் படகைத் தோளிலும் உருளையிலும் ஏற்றிக் கரைவழியே கொண்டுபோய், கான்ஸ்டான்டிநோபிள் சந்தைக்குப் போகும் வழி அது. கார்ல் எப்படிச் செத்தான் என்று கல் சொல்லவில்லை. காய்ச்சலோ, அருவியோ, அம்போ. அவனோடு கூட்டு வைத்தவன் அத்தனை தூரத்தில், ரூன் படிக்கத் தெரிந்தவர்கள் எப்போதாவதுதான் வந்துபோகும் தீவில், மெனக்கெட்டுக் கல் வெட்டியிருக்கிறான். லாபத்தில் பங்கு பிரிக்க இதெல்லாம் தேவையில்லை.

ஆகவே கணக்கு என்றதும் மனசு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஆட்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ‘ஹாவமால்’ என்று ஓடின் கடவுள் சொல்வதாக அமைந்த ஒரு பழைய நீதிப்பாட்டு இருக்கிறது. 1270 வாக்கில் ஐஸ்லாந்தில் எழுதிய ஒரு தோல் சுவடியில் அது பிழைத்து வந்தது. அந்தச் சுவடி 1662-இல் டென்மார்க் அரசருக்குப் போய், 1971-இல்தான் ஊர் திரும்பியது. அதில் நட்பைப் பற்றி வரிசையாகச் செய்யுள்கள். அன்பளிப்புக்கு அன்பளிப்பு கொடு, நண்பன் வீட்டுக்கு அடிக்கடி போய் வா, யாரும் நடக்காத பாதையில் புதரும் உயரமான புல்லும் மண்டிவிடும் என்கிறது. கெட்ட நண்பன் வழியிலேயே குடியிருந்தாலும் அவன் வீட்டுக்குப் பாதை சுற்று, நல்ல நண்பன் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பாதை நேர் என்கிறது. கல்யாண வீட்டில் மொய் நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஐநூறு ரூபாய் எழுதிவைத்திருப்பது திருப்பிச் செய்யவேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் திருப்பிச் செய்யப் போகும்போதுதான் சொந்தமே உயிரோடு இருக்கிறது. அதே பாட்டில் இன்னொரு இடம்: சின்ன வயதில் தனியாகப் போனேன், வழி தவறினேன், இன்னொருவனைக் கண்டதும் பணக்காரன் ஆனதாக நினைத்தேன், மனிதனுக்கு மனிதன்தான் சந்தோஷம். பணக்காரன் என்ற சொல் அங்கேயும் வந்துவிடுகிறது, கவனியுங்கள்.

பழைய கதைகளில் பசங்களும் பணப்பையும்

இந்தக் கணக்கு நட்பு எங்கே இடறுகிறது என்பதை ஐஸ்லாந்து சாகாக்கள் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பதிமூன்றாம் நூற்றாண்டுவாக்கில் எழுதிய உரைநடைக் கதைகள் அவை. பேசுவதெல்லாம் அதற்கு முன்னூறு ஆண்டு முந்திய ஆட்களைப் பற்றி.

ந்யால் சாகாவில் குன்னாரும் ந்யாலும் நகமும் சதையுமான நண்பர்கள். மனைவிமார் இருவருக்கும் ஆகாது. குன்னாரின் மனைவி ஆளை ஏவி ந்யால் வீட்டு வேலைக்காரனைக் கொல்கிறாள். குன்னார் வந்து 12 அவுன்ஸ் வெள்ளியை இழப்பீடாக வைக்கிறான். அடுத்த ஆண்டே ந்யாலின் மனைவி பதிலுக்குக் கொன்றவனைக் கொல்ல வைக்கிறாள். இப்போது ந்யால் வெள்ளியை எடுத்து வைக்கிறான். பார்த்தால் அதே வெள்ளி. குன்னாருக்கு அடையாளம் தெரிகிறது. இரண்டு நண்பர்களும் முகம் சுளிக்காமல் அந்தப் பையைக் கை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். செத்துப்போவது வேலைக்காரர்களும் உறவுக்காரர்களும். நட்பு அப்படியே இருக்கிறது, சுற்றியுள்ள ஊர் காலியாகிறது. எனக்குத் தெரிந்து உலக இலக்கியத்தில் இவ்வளவு அமைதியாகச் சிரிக்க வைத்துப் பயமுறுத்தும் இடம் அதிகம் இல்லை.

இளையோர் கதைக்கு நேரான மூதாதை என்றால் எகில் சாகாவின் சிறுவன் எகிலைச் சொல்லலாம். ஏழு வயதுகூட நிறையாத பையன். பந்தாட்டத்தில் தன்னைவிடப் பெரிய பையனிடம் தோற்றுப்போகிறான், மட்டையால் அடிக்கிறான், அவன் இவனைத் தரையில் தூக்கி அடிக்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். இதுவரை எந்த ஊர் மைதானத்திலும் நடப்பதுதான். அப்புறம் எகிலின் மூத்த நண்பன் தோர்த் அவன் கையில் ஒரு கோடரியைக் கொடுக்கிறான். எகில் போய் அந்தப் பையனின் மண்டையைப் பிளந்துவிடுகிறான். வீட்டுக்கு வந்தால் அம்மா, இவன் வைக்கிங் ஆவான், வயது வந்ததும் கப்பல் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்கிறாள். அம்மா எனக்கு அழகான துடுப்புள்ள கப்பல் வாங்கித் தரச் சொன்னாள் என்று எகில் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுகிறான். ஐந்தாண்டு கழித்து இன்னொரு பந்தாட்டம். இருட்டும் நேரத்தில் வெறி ஏறிய அப்பா, எகிலின் எதிரிலேயே அந்த நண்பன் தோர்த்தைத் தரையில் அடித்துக் கொன்றுவிடுகிறார்.

சிறுவன், விளையாட்டு, கேலி, மூத்த நண்பன், கப்பல் கனவு. இன்றைய நாவல்களின் சரக்கு முழுக்க இங்கே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: இதையெல்லாம் தாண்டி அந்தப் பையன் நல்லவனாக வருவான் என்ற வாக்குறுதி.

நோட்டு பெரியவர்கள் கையில்

இப்போது ஹெரான் கப்பலுக்குத் திரும்பலாம். எட்டுப் பையன்களுக்கு நடுவில் யார் யாருக்கு என்ன கடன்பட்டான் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அவர்கள் அப்பாக்களைப் பாருங்கள். ஸ்டிக்கின் அப்பா செய்தது ஃபெலாகி என்ற சொல்லையே உடைக்கும் குற்றம்; சேர்த்து வைத்த பணத்தில் கை வைத்தார். ஹாலின் அப்பா மிக்கெல் ஒரு தாக்குதலில் அடிபட்டுச் சாகும்போது, தன் உயிர் நண்பன் தோர்னிடம் மனைவியையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறான். தோர்ன் சாதாரண ஆள் இல்லை, நாட்டின் முதல் வீரன் பட்டத்தை மூன்று முறை வென்றவன். பிற்பாடு கப்பலில் நடந்த விபத்தில் வலது கை போகிறது. கை போனதும் குடி. குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடக்கிறவனைத் தூக்கிக்கொண்டு வருவது ஹாலின் அம்மாதான். கவனித்துக்கொள்ள வேண்டியவனைக் கவனிக்கப்பட வேண்டியவள் காப்பாற்றி, சொன்ன சொல்லை அவனுக்கு நினைவூட்டுகிறாள். பழைய சாகா எழுத்தாளர்கள் இந்தக் காட்சியை ரசித்திருப்பார்கள்.

நோட்டு இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு, திருடிய கூட்டாளி, கறைபட்ட குடும்பப் பெயர் எல்லாம் முந்திய தலைமுறையின் பாக்கி. பையன்கள் ஆள் பிரிப்பில் மிஞ்சியதற்குக் காரணமும் பாதி அந்தப் பாக்கிதான். தங்களுக்குள் அதைச் செல்லாது என்று அவர்கள் தள்ளிவிடுகிறார்கள். ஸ்டிக்கைப் பார்த்து உன் அப்பன் திருடன் என்று ஹால் நினைப்பதில்லை. ஹாலைப் பார்த்து உன் அம்மா அடிமை என்று ஸ்டிக் சொல்வதில்லை. ஊர் முழுக்க அதை மட்டுமே சொல்லும்போது இது பெரிய விஷயம். 12, 13 வயதில் இதைப் படிக்கும் பிள்ளைக்கு, பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலையையும் வீட்டு முகவரியையும் வைத்து எடைபோடப்பட்ட பிள்ளைக்கு, கோடரிச் சண்டையைவிட இந்த இடம்தான் நெஞ்சில் தைக்கும் என்று நினைக்கிறேன்.

சாகசம் தொடங்குவதும் ஒரு பாக்கியில்தான். மூன்று குழுக்களின் போட்டியில் மிச்சப் பையன்களே ஜெயித்துவிடுகிறார்கள். பரிசாக, நாட்டின் புனிதப் பொருளைக் காவல் காக்கும் பெருமை கிடைக்கிறது. அவர்கள் காவலில் இருக்கும்போதே கடற்கொள்ளைக்காரன் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். ஊர் அவர்கள் குழுவின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்குகிறது. கப்பலும் பறிபோகப் போகிறது. எட்டுப் பேரும் தோர்னும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதன்முதலாக அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு கடன் வந்திருக்கிறது, அதுவும் எட்டுப் பேருக்கும் சேர்த்து.

யார் கொள்ளைக்காரன்

இந்த வகைக் கதைகளில் எனக்கு ஒட்டாத இடமும் ஒன்று உண்டு. வைக்கிங் சாகசம் என்பது நடைமுறையில் என்ன? 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் நடந்தது மாதிரி, ஆயுதம் இல்லாதவர்கள் மேல் பாய்வது. கிடைத்த வெள்ளியைவிடப் பிடித்த ஆட்களுக்கு மதிப்பு அதிகமாக இருந்த காலமும் உண்டு. டப்ளின் பெரிய அடிமைச் சந்தையாகவே வளர்ந்தது. அந்த 60 துடுப்புக் கப்பலில் ஊர் திரும்பும்போது துடுப்புக்காரர்களோடு வேறு யார் வந்திருப்பார்கள் என்று யோசித்தால் ‘நட்பும் சாகசமும்’ கொஞ்சம் கசக்கும்.

ஃபிளனகன் இதைச் சாமர்த்தியமாகக் கடக்கிறார். அவருடைய ஸ்காண்டியர்கள் பழைய கொள்ளையை ஏறக்குறைய விட்டுவிட்டவர்கள். கெட்டவன் வெளியிலிருந்து வருகிற கொள்ளைக்காரன், நம் பையன்கள் போனதை மீட்கப் போகிறவர்கள். நாலாவது புத்தகத்தில் ஓர் அடிமைச் சந்தையிலிருந்து ஆட்களை விடுவிக்கவே ஹெரான் போகிறது. வரலாறு அப்படியே தலைகீழ். 12 வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். செய்தவர்கள் இருக்கிறார்கள். நான்சி ஃபார்மரின் ‘தி சீ ஆஃப் ட்ரோல்ஸ்’ 2004-இல் வந்தது, அதே 793 வாக்கில் நடக்கிறது. அதில் ஜாக் என்ற சிறுவனும் அவன் குட்டித் தங்கையும் வைக்கிங்குகளிடம் பிடிபடுகிறார்கள். பிடித்த கூட்டத்தில் தோர்கில் என்று வெறிபிடித்த மாதிரி ஒரு பெண் இருக்கிறாள். பிடிபட்டவனும் பிடித்தவளும் நண்பர்களாவதற்குள் ட்ரோல்கள் என்ற ராட்சதர்களின் நாட்டுக்கே போய் வந்துவிடுகிறோம். நட்பு வந்தபிறகும், அவர்கள் எரித்த கிராமம் எரிந்த கிராமம்தான் என்பதை ஆசிரியர் மறக்க விடுவதில்லை.

கணக்கு நோட்டைப் பிள்ளைகள் கையிலேயே விட்டுவைத்தவர் ரோஸ்மேரி சட்கிளிஃப். 1976-இல் வந்த அவருடைய ‘பிளட் ஃபியூட்’ மாயமந்திரம் இல்லாத வரலாற்று நாவல். டப்ளின் சந்தையில் விலைக்கு வாங்கிய அடிமை ஜெஸ்டின், வாங்கியவன் தோர்மோத். பிறகு இருவரும் ரத்த சகோதரர்கள் ஆகிறார்கள். ஆனவுடன் தோர்மோத் குடும்பத்தின் பழிக்குப் பழி முழுவதும் ஜெஸ்டினுக்கும் சொந்தமாகிவிடுகிறது. கான்ஸ்டான்டிநோபிள் வரை அது விடவில்லை. இளையோருக்கு எழுதியதுதான், ஆனால் படித்து முடித்தால் லேசாக இருக்காது. எனக்கு மூன்றிலும் இதுதான் உசத்தி. ஒரு பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுப்பாய் என்றால் ஹெரானைத்தான் கொடுப்பேன்.

மற்றவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கிரெஸிடா கவல் 2003-இல் தொடங்கிய ‘ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்’ கதைகளில், படத்தில் வருகிற கம்பீரக் கறுப்பு டிராகனைத் தேட வேண்டாம். புத்தகத்தில் அது அடங்காத ஒரு பொடிசு. அங்கேயும் நாயகனும் அவன் தோழனும் ஊர் ஒதுக்கியவர்கள்தான். ரிக் ரயோர்டன் 2015-இல் தொடங்கிய ‘மேக்னஸ் சேஸ்’ வரிசையில் வீடில்லாமல் பாஸ்டன் தெருவில் படுக்கும் பையனைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு குள்ளனும் காது கேளாத ஓர் எல்ஃபும். மூவரும் சைகையில் பேசிக்கொள்ளும் இடங்கள் நன்றாக இருக்கும். கொம்பு வைத்த தலைக்கவசம் அட்டையில் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், அது 1876-இல் ஜெர்மனியில் ஓர் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் செய்த வேலை. சண்டைக்காரப் பெண்கள் மட்டும் அத்தனை இட்டுக்கட்டு இல்லை போலிருக்கிறது. ஸ்வீடனின் பிர்கா ஊரில் வாளும் குதிரைகளுமாகப் புதைத்த ஒரு கல்லறையை 1878-இல் தோண்டி, பெரிய வீரன் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2017-இல் மரபணுவைப் பார்த்தால் எலும்புகள் பெண்ணுடையவை. அவள் நிஜமாகச் சண்டை போட்டாளா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

புல்வளைவும் பாதி நாணயமும்

கணக்கில்லாத நட்பு இன்றைய எழுத்தாளர்கள் புதிதாகச் செருகியது என்று முடித்துவிட்டால் எளிது. ஆனால் கீஸ்லி சாகா அப்படி முடிக்க விடாது.

ஐஸ்லாந்தின் மேற்கு விரிகுடாக்களில் நான்கு பேர். கீஸ்லி, அவன் உடன்பிறந்த சகோதரன் தோர்கெல், சகோதரியின் புருஷன் தோர்கிரிம், மனைவியின் சகோதரன் வேஸ்டெய்ன். மூன்று ஆண்டுக்குள் இந்த நால்வரும் பிரிவார்கள் என்று ஒருவர் வாக்குச் சொல்லிவிடுகிறார். அது பலிக்காமல் இருக்க ரத்த சகோதரர்கள் ஆகிவிடலாம் என்று கீஸ்லி யோசனை சொல்கிறான். கடலோரமாகப் போகிறார்கள். தரையில் நீளமாகப் புல்தரையைச் சீவுகிறார்கள், இரண்டு முனையும் மண்ணை விட்டுப் பிரியாதபடி. நடுவே ஓர் ஈட்டியை முட்டுக் கொடுத்து வளைவாக நிமிர்த்துகிறார்கள். நால்வரும் அதன்கீழ் நுழைந்து, ரத்தம் எடுத்து, புல் சீவிய மண்ணில் சிந்தவிட்டுக் கலக்கிறார்கள். ஒருவன் செத்தால் மற்றவன் சொந்தச் சகோதரனுக்குப் போலப் பழி வாங்க வேண்டும் என்று மண்டியிட்டுச் சொல்கிறார்கள். கை கோக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் தோர்கிரிம், மச்சான்கள் இருவருக்குக் கட்டுப்பட்டதே எனக்குப் போதும், வேஸ்டெய்னுக்கு நான் ஒன்றும் பட்டிருக்கவில்லை என்று கையை இழுத்துக்கொள்கிறான். வேஸ்டெய்னுக்குக் கட்டுப்படாதவனுக்கு நானும் கட்டுப்பட மாட்டேன் என்று கீஸ்லியும் இழுத்துக்கொள்கிறான். சடங்கு அங்கேயே நின்றுவிட்டது. யாருக்கும் யாரும் கடன் இல்லை.

பிறகு வெளிநாட்டுப் பயணத்தில் கீஸ்லியும் வேஸ்டெய்னும் பிரியும் நேரம் வருகிறது. கீஸ்லி கைவேலை தெரிந்தவன். ஒரு நாணயம் செய்கிறான். பக்கத்துக்குப் பத்துப் பற்கள். சேர்த்தால் முழு நாணயம், பிரித்தால் இரண்டு பாதி. ஒரு பாதியை வேஸ்டெய்னிடம் கொடுத்து, இருவரில் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இதை அனுப்பலாம் என்கிறான்.

அந்த நாள் வந்தது. ஊரில் வேஸ்டெய்னைக் கொல்லப் பார்க்கிறார்கள். அவன் ஐஸ்லாந்துக்குத் திரும்பிவிட்டான் என்று தெரிந்ததும் கீஸ்லி தன் பாதியைக் கொடுத்து இரண்டு ஆட்களை அனுப்புகிறான். அவர்கள் ஒரு பாதையில் போக, வேஸ்டெய்ன் இன்னொரு பாதையில் வருகிறான். விஷயம் தெரிந்து திரும்பி விரட்டுகிறார்கள். குதிரைகள் விழுந்துவிட, இறங்கி ஓடிக்கொண்டே கத்துகிறார்கள். மலை ஏறி இறங்கும் இடத்தில் ஒருவழியாகப் பிடித்து நாணயத்தைக் காட்டுகிறார்கள். வேஸ்டெய்ன் தன் பாதியை எடுத்துச் சேர்த்துப் பார்க்கிறான். சரியாகப் பொருந்துகிறது.

நீங்கள் சொல்வது உண்மைதான், முன்னமே பார்த்திருந்தால் திரும்பியிருப்பேன் என்கிறான். இப்போது ஆறெல்லாம் டீராஃபியோர்டு பக்கம் ஓடுகிறது, நானும் அங்கேதான் போகிறேன், எனக்குப் போக ஆசையாகவும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீஸ்லி வீட்டை நோக்கிக் குதிரையைத் தட்டுகிறான்.